மருதமரத்தடியில் ஒரு பெஞ்சு

1

படத்தில் என் தங்கச்சியின் வீடு இல்லை.

மகன் செல்வம் சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க முனைகளில் டம்ளர்களை வைத்திருந்தான். எங்கள் ஊர்க் கண்மாய். உயரத்தில் பறக்கிற பருந்துக்கு எப்படித் தெரியுமோ அப்படி இருந்தது. தண்ணீர் நீலம், கரை பழுப்பு, வயல் பச்சை. தெற்கே திராட்சைப் பந்தல்கள் பாய் விரித்த மாதிரி. கண்மாயைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு. அதுதான் நடைபாதையாம். கோட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் தண்ணீருக்கு, வெளியே இருப்பதெல்லாம் ஆட்களுக்கு என்றான்.

"இங்கன பாரும்மா. கோட்டுக்கு உள்ள இந்த மரத்துக்குக் கீழ மட்டும் ஒரு பெஞ்சு போடச் சொல்லியிருக்கேன். வயசானவுக உக்காந்து கொக்கு, நாரை எல்லாம் பார்க்கலாம். நீ ஊருக்குப் போனா உக்காரலாம்ல?"

அவன் விரல் வைத்த இடம் மருதமரம். கோட்டுக்கு உள்ளே, தண்ணீரை ஒட்டி, அதன் தலை மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அந்தப் பச்சைக்குக் கீழேதான் என் தங்கச்சி பேச்சியம்மாளின் வீடு இருக்கிறது. மண்சுவர், தகரக் கூரை, பின்பக்கம் அடுப்படி. சரியாக அந்த அடுப்படியின் மேல்தான் பெஞ்சைப் போட்டிருந்தான். வானத்திலிருந்து எடுத்த படத்துக்கு மரம்தான் தெரிந்திருக்கிறது.

செல்வத்துக்கு இது தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கும்போதே மதுரை விடுதிக்குப் போனவன். அப்போது பேச்சி எங்கள் அடுத்த தெருவில் இருந்தாள். புருஷன் போன பிறகு அந்த வீட்டை மாமனார் வழி ஆட்கள் விற்றுவிட்டார்கள். கண்மாய் வற்றிக் கிடந்த வருசங்களில் அவள் மரத்தடியில் குடிசை போட்டு, பிறகு தகரம் மாற்றினாள். இவன் அவளைப் பார்ப்பதெல்லாம் கல்யாண மண்டபங்களில்தான். மண்டபத்தில் எல்லோரும் பட்டுச்சேலையில் நன்றாகத்தான் இருப்பார்கள்.

"நல்லாருக்குப்பா" என்றேன்.

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல? வேலை, வேலை என்று ஓடுகிறவன் அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சுப் பேசினான். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

2

நான் இருப்பது நியூசிலாந்தின் தென்தீவில் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பேரைச் சொல்ல வேண்டாம் என்று செல்வம் சொல்லிவிட்டான். எங்கள் ஊர்ப் பேரையும்தான். சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு பேரூராட்சி என்றால் தேனிக்காரர்களுக்குப் போதும்.

இந்த ஊரும் அதே அளவுதான். நடுவில் ஒரு ஆறு. நம் முல்லையாற்றில் பாதி இருக்கும். ஒரு காலத்தில் இதன் கரையெல்லாம் கடைகளின் பின்பக்கமாகவும் குப்பைமேடாகவும் கிடந்ததாம். ஊர் நிர்வாகத்தில் என் மகனுக்கு வேலையே அதைச் சரி செய்வதுதான். எங்கே மரம் வைக்க வேண்டும், எங்கே வீடு கட்டக் கூடாது, வெள்ளம் வந்தால் எங்கே பரவ விட வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் எந்தப் பக்கமாக இறங்கி மீன் பார்க்க வேண்டும் என்றெல்லாம் திட்டம் போடுகிறான். ஊர்ச்சனமும் ஆறும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கக் கூடாது என்பான். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

காலையில் நான் அந்த ஆற்றங்கரையில்தான் நடக்கிறேன். கைத்தடி வாங்கிக் கொடுத்தார்கள், தொடவில்லை. விமான நிலையத்திலும் சக்கர நாற்காலி தருகிறோம் என்பார்கள், நடந்தே போவேன். எதிரே நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் "மார்னிங்" என்பார்கள். நான் "வாங்க" என்பேன். அவர்களுக்கும் விளங்குகிறது, எனக்கும் விளங்குகிறது.

திட்டம் போடுமுன் இங்கே ஊரைக் கூட்டிக் கேட்பார்கள். ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். சுவரில் பெரிய மரம் வரைந்து, ஆளுக்கு ஒரு காகித இலையைக் கொடுத்து, ஆற்றங்கரையில் என்ன வேண்டும் என்று எழுதி ஒட்டச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள். கூட்டி எழுதுவதற்குள் கூட்டமே கலைந்துவிடும். ஆனாலும் எழுதினேன். "ஆற்றில் இறங்க ஒரு படி வேண்டும்." அங்கிருந்த அம்மா இது என்ன என்று பேத்தி யாழினியைக் கேட்டாள். பேத்தி இலையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னடி சொன்ன என்று கேட்டதற்கு, பாட்டிக்கு ஆறு ரொம்பப் பிடிக்கும் என்று சொன்னேன் என்றாள். பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராது. கோபித்து என்ன ஆகப் போகிறது? இலையை நேராக வாங்கி ஒட்டிவிட்டு வந்தேன்.

அந்தக் கூட்டத்தில்தான் மார்கரெட் என்கிற கிழவி எழுந்து கத்தினாள். என் வயசுதான் இருக்கும். ஆற்றங்கரையில் அவளுடைய கோழிக்கொட்டகை. செல்வத்தின் கோடு அதன் வழியாகப் போயிருக்கிறது. ஊர் முழுக்கப் பார்த்திருக்க என் மகனை நோக்கி விரலை நீட்டி நீட்டிப் பேசினாள். வேலை போயிற்று, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றே நினைத்துக்கொண்டேன். இவனானால் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தான்.

நம் ஊர்ப் பேரூராட்சியில் உள்ளவர்களுக்கு இவன் வேலையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் கண்மாய்க்கும் ஒரு திட்டம் போட்டுக் கொடுப்பா என்று கேட்டார்கள். காசு வேண்டாம் என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தான். மேசையில் விரித்தது அதுதான்.

3

இங்கே சாயங்காலம் என்றால் அங்கே முற்பகல். பேச்சி ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரையில் நிற்கிற நேரம். முன்பெல்லாம் இருட்டோடு எழுந்து ஜீப்பில் கம்பமெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போவாள். மலையாளத்துப் பெண்களோடு பழகி, அக்கா என்பதற்குப் பதில் என்னைக்கூடச் சில நாள் கேலிக்கு "சேச்சி" என்பாள். முட்டி போன பிறகு ஆடுகள்தான்.

"ஏத்தா பேச்சி, ஆபீஸ்ல படம் மாட்டியிருக்காகளாமே. பாத்தியா?"

"பாத்தேன்க்கா. செவுரு நெறையா இருக்கு. நம்ம செல்வம் பேரக்கூடப் போட்டிருக்காக."

"உன் வீடு?"

"அதான் அதுல இல்லையே" என்று சிரித்தாள்.

பிறகு நடந்ததைச் சொன்னாள். பேரூராட்சியில் கூட்டம் போட்டிருக்கிறார்கள். செயல் அலுவலர், அதுதான் ஈ.ஓ., படத்தைக் காட்டி விளக்கினாராம். சீமைக்கருவேலை எல்லாம் வேரோடு எடுப்போம், வண்டலை அள்ளுவோம், நாட்டு மரம் வைப்போம், பள்ளிப் பிள்ளைகள் வந்து பறவை பார்ப்பார்கள், சுற்றியுள்ள கிணறெல்லாம் ஊறும். கேட்கக் கேட்க எல்லோருக்கும் பிடித்துத்தான் இருந்திருக்கிறது. கடைசியில், யாருக்காவது ஆட்சேபணை உண்டா, சம்மதம் என்றால் கை தூக்குங்கள் என்றாராம். சனம் ஒன்றை ஒன்று பார்த்திருக்கிறது. முதலில் எழுந்தது பேச்சி. எங்க அக்கா மகன் போட்ட படம், எனக்குச் சம்மதம் என்று சொல்லிக் கையைத் தூக்கியிருக்கிறாள். அப்புறம் மொத்தச் சபையும் தூக்கியிருக்கிறது. பின்னால் இருந்த ஒருத்தி சேலையைப் பிடித்து இழுத்து, உன் வீட்டையும்ல சேத்து அளந்திருக்கான் என்றாளாம். அது எங்க வீட்டு விசயம், நீ உன் வேலையப் பாரு என்று சொன்னாளாம் இவள்.

"உனக்குப் புத்தி இருக்கா? எங்கன போயிக் கெடப்ப?"

"எங்கிட்டாச்சும் கெடக்கேன். பிள்ள வெளிநாட்டுல இருந்து ஊருக்குன்னு ஒண்ணு செஞ்சு அனுப்பியிருக்கான். ரத்த சொந்தம் நானே குத்தம் சொன்னா, மத்தவுக என்ன சொல்வாக?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். அவள்தான் மறுபடியும் பேசினாள்.

"அக்கா, அது கண்மாயோட எடந்தான். தண்ணி வந்து எந்திரின்னா எந்திரிச்சுருவேன், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா நீ செல்வத்துக்கிட்ட வாயத் தொறந்துறாத. பிள்ள மொகம் வாடிரும்."

சொல்லிவிட்டு ஆட்டை அதட்டினாள். போனை வைத்துவிட்டாள்.

பேச்சியின் வீட்டுக்குப் பேரூராட்சி வரி வாங்குகிறது. தெருக்குழாய் ஒன்றும் போட்டுக் கொடுத்திருக்கிறது. கண்மாய்ப் புறம்போக்கு என்று எழுதி வைத்திருப்பதும் அதே ஆபீஸ்தான். ஒரு மேசைக்கு இன்னொரு மேசை தெரியாது போலிருக்கிறது.

4

அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பொங்க விட்டேன். மருமகள் சுதா, அத்தைக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டதோ என்று கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். இயந்திரம் நன்றாக இருக்கிறது என்று சொன்னது. அதற்கு என்ன தெரியும்.

சொன்னால் மகனுக்கு அவமானம். ஊரே மெச்சிய படத்தில் சொந்தச் சித்தி வீட்டை இடித்தவன் ஆகிவிடுவான். சொல்லாவிட்டால் இவள் சேலை துணிமணியோடு ரோட்டுக்கு வருவாள். வந்தும் சிரித்துக்கொண்டுதான் நிற்பாள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாது.

ஐப்பசி மழைக்கு முன்னால் கரை வேலையைத் தொடங்க வேண்டும் என்று ஊரில் பேச்சு. நம் பக்கத்தில் மழைச் சேதி வந்தால் யாருக்கும் சந்தோசம். எனக்கோ ஆவணி முடியும்போதே, மழைக் குறி கண்டால் இயந்திரத்தை முந்தி இறக்கிவிடுவார்களோ என்று ஒவ்வொரு நாளும் பயம். யாழினியின் போனில் நம் ஊர் வானத்தைப் போட்டுக் காட்டச் சொல்வேன். வெயில் படம் வந்தால் மூச்சு விடுவேன். பாட்டிக்கு வெயில் பிடிக்கும் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை செல்வம், வாம்மா ஒரு வீட்டுக்குப் போய் வரலாம், தனியாக இருக்கிற அம்மா, உன்னைப் பார்க்கக் கேட்டார்கள் என்று கூட்டிக்கொண்டு போனான். போய் இறங்கினால் மார்கரெட் வீடு. கூட்டத்தில் விரலை நீட்டியவள் வாசலுக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மேசையில் கேக்கு, பீங்கான் கோப்பையில் டீ. இவன் அந்த வீட்டில் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்காமலே எடுத்துப் போட்டான். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இவன் இங்கே வருவது முதல் தடவை இல்லை.

பிறகு தோட்டத்துக்குப் போனோம். கோழிக்கொட்டகையை அவள் புருஷன் தன் கையால் கட்டினாராம். எந்த வருசம், எந்த மரம், ஆணி அடிக்கும்போது விரல் நசுங்கியது எல்லாம் சொன்னாள். செல்வம் எனக்குத் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாளாம். ஆற்றுக்கு அந்த இடம் வேண்டும் என்று அவளுக்கே தெரிகிறதாம். அதன் பக்கத்தில் இருக்கிற பேரிக்காய் மரத்தை மட்டும் தொடக் கூடாது, பாதை அதைச் சுற்றிப் போக வேண்டும் என்று கேட்டாளாம். சரி என்று இவன் கோட்டை மாற்றிவிட்டானாம்.



5

திரும்பி வரும்போது காரில் சொன்னேன். வீட்டுக்குப் போனால் சுதா இருப்பாள், பேத்தி இருப்பாள். காரில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"இந்த அம்மா கத்துனாக. நீ வீடு தேடி வீடு தேடிப் போன. உன் சித்தி சம்மதம்னு கையத் தூக்குனா. அதனால அவ வீட்டுக்கு யாரும் போகல."

"எந்தச் சித்தி?"

"உனக்கு எத்தன சித்தி இருக்காக? பேச்சிதான். நீ பெஞ்சு போட்ட மருதமரத்துக்குக் கீழதான்டா அவ சோறாக்குறா."

வண்டியை ஓரமாக நிறுத்தினான். பக்கத்தில் ஏதோ பண்ணை, வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள். ரெண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அடி வாங்கப் போகிறோம் என்றால் அப்படித்தான் இருப்பான்.

"சித்தி ஏன்மா சொல்லல?"

"உன் பேரு போட்ட படத்துக்கு அவ குத்தம் சொல்வாளா?"

"நீ ஏன் சொல்லல?"

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நானும் ஆடுகளைப் பார்த்தேன். அவனே பேசினான்.

"அம்மா, கோவிச்சுக்காத. அந்த எடம் கண்மாய்தான். பழைய படம் எல்லாத்துலயும் பாத்துட்டுத்தான் கோடு போட்டேன். சித்தி வீடுங்கிறதுக்காகக் கோட்ட வளச்சா, நாளைக்கு ஒவ்வொருத்தரும் வளைக்கச் சொல்வாக. அப்புறம் கண்மாயே இருக்காது."

எனக்குத் தெரியாதா? நானும் பேச்சியும் பாவாடை கட்டிய நாளில் அந்த மருதமரத்து வேரில் நின்றுதான் தண்ணீருக்குள் குதிப்போம்.

"கோட்ட வளைக்கச் சொல்லலப்பா" என்றேன். "அவளப் போயிக் கேளுன்னுதான் சொல்றேன்."

6

மறுநாளே பேரூராட்சிக்குப் பேசினான். ஈ.ஓ. மரியாதையாகத்தான் பேசினார். உங்களால்தான் சார் ஊருக்கே பெருமை என்றார். ஆனால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிட்டது, வேலை உத்தரவும் கொடுத்தாயிற்று, இனிமேல் படம் வரைந்தவர் சொன்னாலும் நிறுத்த முடியாது என்றார். பாதிக்கப்பட்டவர் கையெழுத்தோடு ஒரு மனு வந்தால் நிறுத்தி வைத்து நேரில் விசாரிக்கலாம், அதுதான் வழி என்றார்.

நான் போனை வாங்கி, அவளுக்கு மூத்தவள் நான், என் பேரில் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் யாரிடமோ கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அம்மா, வாக்காளர் பட்டியல்லயும் ரேஷன் கார்டுலயும் உங்க பேர எடுத்துட்டாக. நீங்க இப்ப இந்த ஊருக்காரக இல்லையேம்மா."

அந்தக் கண்மாய்த் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்தவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை. சரிங்கய்யா என்று சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

பேச்சியிடம் மனுவைப் பற்றிச் சொன்னதும் அவள் எரிந்து விழுந்தாள். உன்னை வாயைத் திறக்காதே என்று சொன்னேனா இல்லையா என்று ஆரம்பித்து, நான் சின்ன வயதில் அவளைக் காட்டிக்கொடுத்த கதை எல்லாம் இழுத்தாள்.

"அக்கா மகனுக்கு எதுத்து மனுக் குடுத்தவன்னு ஊரு பேசணுமா? நல்லது கெட்டதுல எல்லாம் சொல்லிக் காட்டுவாக. வீடு போனா போகட்டும். அந்தப் பேரு எனக்கு வேண்டாம்."

நிறுத்தக் கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் நிறுத்த மாட்டாள். இடையில், கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கம் மண் அள்ளுகிற இயந்திரம் ஒன்று வந்து நிற்கிறது என்று சேதி வந்தது.

7

செல்வம் ராத்திரியும் பகலும் கணினியில் ஏதேதோ வரைந்தான். வீட்டு மனை வேறு இடத்தில் கேட்டு எழுதினான். பதிலுக்குப் பதில் எழுதினார்கள், முடிவு மட்டும் வரவில்லை. ஒரு நாள் காலையில் கடுங்காப்பியைக் கொடுத்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தேன்.

"ஏலே செல்வம், உன் கல்யாணத்துக்கு எப்படிப் பத்திரிகை வச்சோம், ஞாபகம் இருக்கா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வீடு வீடாப் போனோம். தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சு, உள்ள போயி உக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சு, வந்துருங்கன்னு வாயால சொல்லிட்டு வந்தோம். வெறும் பத்திரிகைய அனுப்பியிருந்தா என்ன செஞ்சிருப்பாக? வாங்கிக் கூரை எரவாணத்துல சொருகிட்டுப் பேசாம இருந்திருப்பாக. கல்யாணத்துக்கே அப்படி. ஒருத்தி வீட்டக் கேக்கப் போறவன், ஆளு போகாம படத்த மட்டும் அனுப்பியிருக்க."

காப்பி ஆறும்வரை அவன் அதைத் தொடவில்லை. பிறகு கணினியில் வரைந்துகொண்டிருந்ததை மூடிவிட்டு லீவுக்கு எழுதினான். எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டான். ஐப்பசி பிறக்கிற வாரத்தில் மதுரையில் இறங்குகிறோம்.

பேச்சியிடம் நானே சொன்னேன். செல்வம் உன்னைப் பார்க்கத்தான் வருகிறான், மண்டபத்தில் இல்லை, வீட்டுக்கு, மருதமரத்தடிக்கு, உன்னிடம் நேரில் கேட்க வருகிறான் என்றேன். ஆட்டுக் கழுத்து மணி மட்டும் கேட்டது. எப்ப வர்றீக என்று கேட்டாள். சொன்னேன். உடனே போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவே இல்லை. காலையில் கூப்பிட்டேன், மாலையில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்துத் தோட்டக்காரரைக் கேட்டதற்கு, இயந்திரம் கரை வழியாக மரத்துப் பக்கம் நகர்ந்து வந்திருக்கிறது, பேச்சியைக் காணோம், ஆடுகள் கட்டிப்போட்டபடி கத்துகின்றன என்றார். ஆற்றங்கரைக்கு நடக்கப் போனவள், வழக்கமாகத் திரும்புகிற பாலத்தைத் தாண்டி எவ்வளவோ தூரம் போய்விட்டேன். யாழினிதான் சைக்கிளில் தேடி வந்து கூட்டிக்கொண்டு போனாள். பாட்டி, வீடு இந்தப் பக்கம் என்று தமிழில் சொன்னாள்.

மறுநாள் பேச்சியே கூப்பிட்டாள். மூச்சு வாங்கிற்று.

"நேத்துப் பூரா ஆபீஸ்லதான்க்கா கெடந்தேன். மனுக் குடுத்துட்டேன்."

"எதுத்தா?"

"எதுத்து எதுக்குக் குடுக்கேன்? எங்க அக்கா மகன் எனக்கு விருந்தாளியா வர்றான். அவன் வந்து சாப்பிட்டுக் கையக் கழுவுற வரைக்கும் என் அடுப்படில யாரும் கை வைக்கக் கூடாதுன்னு எழுதச் சொன்னேன். எழுதித் தர்றவர் சிரிச்சாரு. நான் சொன்னத எழுதுய்யான்னேன். ஈ.ஓ. சிரிக்கல. ரெண்டு தடவ படிச்சாக. ஆட்சேபணைன்னு போட்டு சீல் வச்சு, ஒண்ண எங்கிட்டயும் குடுத்தாக. மிசின நிப்பாட்டிட்டாக."

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். சிரிப்பா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

"ஏத்தா, அவன் கையக் கழுவின பெறகு?"

"அவன் கேக்கட்டும். கேட்ட பெறகு நான் சொல்லுறேன். சேச்சிக்கு என்ன அவசரம்?"

இது நடந்து சில நாள் ஆகிறது. பெட்டி கட்டியாயிற்று. செல்வம் படத்தைச் சுருட்டி ஒரு குழாயில் போட்டு வைத்திருக்கிறான். சித்திக்கு என்னம்மா பிடிக்கும் என்று நேற்றுக் கேட்டான். முதல் தடவையாகக் கேட்கிறான். நான் பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கி, படத்துக்கு மேலே வைத்தேன். வெற்றிலை பாக்கு சின்னமனூரில் வாங்கிக்கொள்ளலாம்.

அவன் என்ன கேட்பான், அவள் என்ன சொல்வாள், எனக்குத் தெரியாது. வீட்டைக் கொடுத்துவிட்டு ஒரு மரத்தைக் கேட்பாளோ, மரத்தைக் கொடுத்துவிட்டு வீட்டைக் கேட்பாளோ. அவன் சரி சொல்ல முடியாததை அவள் கேட்டுவிட்டால் நான் யார் பக்கம் உட்காருவது?

இன்று சாயங்காலம் பேச்சி பேசினாள். மேகமலைப் பக்கம் ரெண்டு நாளாக மூடிக்கிடக்கிறதாம். ஓடையில் புதுத்தண்ணீர் இறங்கி, கண்மாய் ஏறுகிறதாம். அரிசி, பருப்பு, அந்தச் சீல் வைத்த காகிதம், எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிட்டாளாம். அடுப்பை மட்டும் எடுக்கவில்லையாம்.

"மருதமரத்து வேரு நனஞ்சிருச்சுக்கா" என்றாள். "பிள்ளைய வெரசா வரச் சொல்லு."